குழந்தைகளோடு கிறிஸ்துமஸ்



மார்கழி பிறக்கும் நாட்களில் தில்லி மாநகரம் பனிமூட்டத்தில் ஆழ்ந்து கிடக்கும். காலை எட்டு மணிக்கும் எதிர்வீட்டுச் சுவர் தெளிவாகத் தெரியாது. கம்பளிச் சட்டையும் குல்லாயுமாகக் குழந்தைகள் பள்ளிப் பேருந்துக்குக் காத்து நிற்பார்கள். அந்த நாட்களில், தெற்கே பிறந்து இங்கே வேலைக்கு வந்து தங்கிவிட்ட எங்களைப் போன்றவர்களுக்கு ஊர் நினைவு வந்துவிடும். திருநெல்வேலிச் சீமையில் விடியற்காலையில் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு வரும் பஜனைக் கூட்டமும், அடுக்களையில் எண்ணெய்ச் சட்டி காயும் மணமும், வாசலில் தொங்கும் காகித நட்சத்திரமும் மனக்கண் முன் வந்து நிற்கும்.

நினைத்தவுடன் போய்விட முடியுமா? தில்லிக்கும் சென்னைக்கும் இடையே இரயில் வழி ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். அதற்கும் அப்பால் இன்னும் ஓர் இரவுப் பயணம் திருநெல்வேலிக்கு. தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் காலமும் கிறிஸ்துமஸும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். தில்லிப் பள்ளிகளிலோ குளிர்கால விடுமுறை பெரும்பாலும் புத்தாண்டை ஒட்டித்தான் தொடங்கும். டிசம்பர் 25 ஒரு நாள் மட்டுமே ஓய்வு. ஆகவே, பண்டிகையை நாம் இருக்கும் இடத்திலேயே கொண்டாட வேண்டியவர்களாக இருக்கிறோம். நமக்கு அது நினைவுகளின் பண்டிகை. நம் குழந்தைகளுக்கோ அந்த நினைவுகள் இல்லை. அவர்களுக்கு நாம் எதைக் கொடுக்கப் போகிறோம் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், என் மகனுக்கு ஐந்து வயதும் மகளுக்கு மூன்று வயதும் ஆகியிருந்தபோது, அந்த ஆண்டும் ஊருக்குப் போக இயலவில்லை. குழந்தைகளை ஏமாற்றிவிட்டோமே என்ற குறுகுறுப்பு எனக்கு இருந்தது. அதை ஈடுசெய்ய எண்ணிக் கடைவீதிக்குப் போய், ஆளுயரப் பிளாஸ்டிக் மரம், வண்ண விளக்குச் சரம், மின்கலத்தில் ஓடும் மோட்டார் வண்டி, பேசும் பொம்மை, சிவப்புக் குல்லாய், பெரிய கேக் எல்லாவற்றையும் வாங்கிக் குவித்தேன். பண்டிகை நாள் நண்பகலுக்குள் வண்டியின் சக்கரம் கழன்றுவிட்டது. மகன் அழுதான். அவன் அழுவதைப் பார்த்து மகளும் அழுதாள். அன்று மாலை ஊரிலிருந்து என் தாயார் தொலைபேசியில் அழைத்தார்கள். பேரன் தனக்குக் கிடைத்தவற்றை ஒவ்வொன்றாக, பாதி இந்தியிலும் பாதி தமிழிலும் சொல்லி முடித்தான். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த தாயார், “அதெல்லாம் இருக்கட்டும்யா. நீ யாருக்கு என்ன குடுத்தே?” என்று கேட்டார்கள்.

பையன் விழித்தான். பிறகு என்னைப் பார்த்து, “அப்பா, கிறிஸ்துமஸுக்கு நானும் கொடுக்கணுமா?” என்றான்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் மறுமொழி இல்லை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நாள்தோறும் கோப்புகளை மொழிபெயர்ப்பது என் தொழில். ஒரு சொல்லுக்கு நேர்ச்சொல் கிடைக்காவிட்டால் அகராதியைப் புரட்டுவேன். ஆனால், என் ஊர்ப் பண்டிகையை என் பிள்ளைகளுக்குப் பெயர்த்துத் தருவதில் தவறிவிட்டேன் என்பதை அன்று உணர்ந்தேன். பொருள்களைக் கொண்டுவந்து சேர்த்தேனேயன்றிப் பண்டிகையைக் கொண்டுவரவில்லை. அடுத்த ஆண்டு வேறு வழியில் செய்து பார்த்தோம். அந்த வழியைத்தான் இப்போது உங்களிடம் சொல்லுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முன் வரும் நான்கு ஞாயிறுகளைத் திருச்சபை காத்திருப்புக் காலமாகக் கொண்டிருக்கிறது. சிறு குழந்தைக்குக் காத்திருப்பது எளிதன்று. ‘இன்னும் இருபது நாள்’ என்றால் ஐந்து வயதுக் குழந்தைக்கு அது வெறும் சொல்தான். நாளைக்கா, நாளை மறுநாளா என்று தினமும் கேட்கும். இந்தத் தொல்லையை நன்கு அறிந்தவர் ஒருவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாழ்ந்தார். யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன் என்பது அவர் பெயர். கவனிப்பாரற்ற ஏழைப் பிள்ளைகளுக்காக 1833-ஆம் ஆண்டில் ஓர் இல்லத்தைத் தொடங்கினார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று அந்தப் பிள்ளைகள் ஓயாமல் கேட்டார்கள். 1839-இல் அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய மெழுகுவத்திகளையும், மற்ற நாட்களுக்குச் சிறு மெழுகுவத்திகளையும் அதில் பொருத்தினார். நாளுக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எத்தனை நாள் போயிற்று, எத்தனை நாள் இருக்கிறது என்பதைக் குழந்தைகள் கண்ணாலேயே கண்டுகொண்டார்கள். இன்று உலகெங்கும் திருவருகைக் கால வளையம் என்று வழங்கும் பழக்கத்தின் தொடக்கம் இதுவே.

எங்கள் வீட்டில் வண்டிச் சக்கரம் ஏது? தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய அகல் விளக்குகள் நான்கை ஒரு பித்தளைத் தட்டில் வைத்தோம். முதல் ஞாயிறு ஒன்று, இரண்டாம் ஞாயிறு இரண்டு என்று ஏற்றினோம். ஏற்றுவது தாயின் வேலை, ஊதி அணைப்பது குழந்தைகளின் வேலை. எரியும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மாறாத விதி. எண்ணெயும் திரியும் சேர்த்துச் செலவு சில ரூபாய்தான். ஆனால், மூன்றாம் ஞாயிறு வந்ததும் என் மகன், “இன்னும் ஒரு விளக்குதான் பாக்கி” என்று தானே சொல்லத் தொடங்கிவிட்டான். கேட்டவுடன் கிடைத்துவிடாத ஒன்று உலகத்தில் உண்டு, அதற்குக் காத்திருப்பதும் இன்பமே என்பதை அவன் அறியத் தொடங்கினான்.

முதல் வாரம் காத்திருக்கக் கற்றோம். இரண்டாம் வாரத்தைக் கதைக்கு ஒதுக்கினோம். பண்டிகையின் கதையைக் குழந்தைக்கு நாமே சொல்ல வேண்டும். திரைப்படம் சொல்லும், பள்ளி நாடகம் சொல்லும் என்று விட்டுவிடுவது சரியன்று. கதையோ சிறியது, அரை மணியில் சொல்லிவிடலாம். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் மேய்ப்பர்கள் வருகிறார்கள். மத்தேயு எழுதியதில் கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் வருகிறார்கள். அந்தச் சாஸ்திரிகள் மூவர் என்று வேதத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. குடிலில் நாம் வைக்கும் காளையும் கழுதையுங்கூட அவ்விரு சுவிசேஷங்களின் பிறப்புக் கதையில் இல்லை. பின்னர் வந்த பக்தர்கள் அன்போடு சேர்த்தவை அவை. இதைச் சொன்னபோது என் மகனுக்குப் பெரிய மகிழ்ச்சி. “அப்படியானால் நாம் ஒரு நாய்க்குட்டியும் வைக்கலாமா?” என்றான். வைத்தோம்.

இந்தக் கதையைச் சொல்லச் சொல்ல எனக்கே ஒன்று புலப்பட்டது. யோசேப்பும் மரியாளும் தாம் வாழ்ந்த நாசரேத்தை விட்டு ஏன் பெத்லகேமுக்குப் போனார்கள்? அரசாங்கம் குடிமதிப்பு எழுத உத்தரவிட்டது. குடிமதிப்பு என்பது பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் உள்ள சொல். இன்று என் அலுவலகக் கோப்பில் வந்தால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று எழுதுவேன். ஆக, அரசாங்க உத்தரவின் பேரில் பெட்டி படுக்கையோடு புறப்பட்ட குடும்பம் அது. போன இடத்தில் சத்திரத்தில் இடமில்லை. உற்றார் உறவினர் கூடி நிற்காமல், பழகிய வீட்டுக்கு வெளியே பிறந்த குழந்தையைப் பற்றிய கதையையே நாம் கொண்டாடுகிறோம். மாற்றல் உத்தரவில் ஊர் ஊராகப் போகும் குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா? ஊருக்குப் போகாவிட்டால் கிறிஸ்துமஸ் இல்லை என்று வருந்திக்கொண்டிருந்த எனக்கு அது நல்ல மருந்தாயிற்று.

கதையைத் தமிழில் சொல்லும்போது ஓர் இடத்தில் பையன் நிறுத்தினான். “முன்னணை என்றால் என்ன?” என்றான். நகரத்துப் பிள்ளை மாட்டுக் கொட்டிலைக் கண்டதில்லை. மாடு தீவனம் தின்னும் தொட்டி என்று விளக்கினேன். “ஓ, சரனியா?” என்றான். இந்தி வேதாகமத்தில் உள்ள சொல் அது. பள்ளி நாடகத்தில் கேட்டிருக்கிறான். எனக்குச் சற்றுத் திகைப்பாக இருந்தது. கிறிஸ்துமஸை இங்கே ‘படா தின்’, பெரிய நாள், என்கிறார்கள். மராட்டியர் ‘நாதாள்’ என்கிறார்கள். இந்தச் சொற்களையெல்லாம் நம் குழந்தைகள் கற்பது நன்றே. ஆயினும், ஆச்சி சொல்லும் கதை பேரனுக்கு விளங்காமற் போகுமானால் அது பெரிய இழப்பு அல்லவா? அன்று முதல் நாளுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று வைத்துக்கொண்டோம். முன்னணை, சத்திரம், மேய்ப்பன், மந்தை, நட்சத்திரம், காணிக்கை. அகராதி கொண்டு கற்பித்தால் மறந்துவிடும். விளக்கு ஏற்றும் நேரத்தில் கதையோடு கேட்டதனால் நின்றுவிட்டது.

தமிழில் இந்தக் கதைக்குப் பஞ்சமில்லை. இத்தாலியிலிருந்து வந்து தமிழராகவே வாழ்ந்த வீரமாமுனிவர், யோசேப்பை ‘வளன்’ என்னும் பெயரால் காப்பியத் தலைவனாக்கி, 3,615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடினார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். அவருடைய கீர்த்தனைகள் இன்றும் தமிழ்த் திருச்சபைகளில் பாடப்படுகின்றன. காப்பியத்தைக் குழந்தைக்குப் படித்துக் காட்ட வேண்டியதில்லை. தாய்க்குத் தெரிந்த ஒரு கீர்த்தனையின் பல்லவியை நாள்தோறும் பாடினால் போதும். குரல் நன்றாக இல்லையே என்று கூச வேண்டாம். குழந்தைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

மூன்றாம் வாரம் கைவேலை. அசிசி நகரத்துப் பிரான்சிஸ் 1223-ஆம் ஆண்டில் இத்தாலியில் கிரேச்சியோ என்னும் சிற்றூரில், வைக்கோலும் தீவனத் தொட்டியும் உயிருள்ள காளையும் கழுதையும் கொண்டு கிறிஸ்து பிறப்பின் காட்சியை அமைத்தார். எளிய மக்கள் கண்ணால் காண வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். நம் வீட்டுக் குடிலும் அதன் வழிவந்ததே. ஆகவே, கடையில் வாங்கிய பளபளப்பான குடிலைக் காட்டிலும், செருப்பு வந்த அட்டைப் பெட்டியும் களிமண் பொம்மைகளும் குழந்தைக்கு உகந்தவை. எங்கள் வீட்டு மேய்ப்பனுக்கு ஒரு கை மட்டுமே இருந்தது. என் மகள் செய்தது, யாரும் திருத்தவில்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் மணி, பொத்தான் போன்ற சிறு பொருள்களை எட்டாத இடத்தில் வைப்பது நலம், வாயில் போட்டுக்கொள்ளும்.

நட்சத்திரமும் அப்படியே. 1830-களில் ஜெர்மனியில் நீஸ்கி என்னும் ஊரின் மொரேவியன் பள்ளியில், வடிவக் கணிதம் கற்பிப்பதற்காகச் செய்யப்பட்ட காகித நட்சத்திரம் பின்னர்க் கிறிஸ்துமஸ் விளக்காகப் பரவியது என்பார்கள். தில்லியில் சுதந்திர தினத்தை ஒட்டிப் பட்டம் விடுவது பெரிய வழக்கம். அப்போது வாங்கி மிஞ்சிய பட்டத் தாளும் மூங்கில் குச்சிகளும் வீட்டில் இருந்தன. குச்சியைக் கட்டுவது என் பங்கு. பசை தடவுவது பிள்ளைகள் பங்கு. உள்ளே சிறு மின்விளக்கு மட்டுமே வைக்க வேண்டும். காகிதத்துக்குள் மெழுகுவத்தி வைப்பது ஆபத்து.

பலகாரத்திலும் குழந்தைக்கு ஒரு பங்கு கொடுக்கலாம். கோவாவிலும் மங்களூரிலும் ‘குல்குல்’ என்னும் இனிப்பைச் செய்வதற்கு வீட்டார் அனைவரும் கூடி உட்காருவார்கள். சிறு மாவு உருண்டையை முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்ட வேண்டும். அது பிள்ளைகளுக்கு விளையாட்டு. நம் தென்பாண்டிச் சீமையின் முந்திரிக்கொத்தும் அத்தகையதே. பாசிப்பயற்றை வறுத்துத் திரித்து, தேங்காயும் எள்ளும் சேர்த்து, பாகு ஊற்றிப் பிசைந்து, கைபொறுக்கும் சூடு வந்ததும் குழந்தைகளிடம் கொடுத்தால் உருட்டுவார்கள். கருப்பட்டி கிடைக்காத ஊரில் வெல்லம் போதும். அரிசிமாவில் தோய்த்துப் பொரிக்கும் வேலையின்போது மட்டும் பிள்ளைகள் அடுப்பங்கரையில் இருத்தல் கூடாது.

இவ்வளவும் செய்தாலும், சிவப்புச் சட்டைத் தாத்தாவைப் பற்றிக் குழந்தை கேட்காமல் இராது. கடைகளிலும் தெருமுனைகளிலும் அவரே நிற்கிறார். அவரை விரட்ட வேண்டியதில்லை. அவருக்கு மூலமான நிக்கோலஸ் என்னும் ஆயர், நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மீரா என்னும் நகரில் வாழ்ந்தவர். டிசம்பர் 6 அவருடைய திருநாள். வறுமையால் வாடிய மூன்று பெண்களின் வீட்டில், இரவில் யாரும் அறியாமல் பொற்காசு முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார் என்று மரபுக்கதை கூறும். இந்தக் கதையைச் சொன்னபோது என் மகன் கேட்ட கேள்வி, “யார் கொடுத்தது என்று தெரியாவிட்டால் எப்படி நன்றி சொல்வார்கள்?” என்பது. அவர் நன்றியை எதிர்பார்க்கவில்லை என்றேன். அவன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இப்படியாக நான்காம் வாரத்துக்கு வந்தோம். என் தாயார் கேட்ட கேள்வியின் வாரம் அது. எங்கள் ஊரில் தீபாவளிக்கு இந்து வீடுகளிலிருந்து எங்களுக்குப் பலகாரத் தட்டு வரும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து தட்டுப் போகும். தட்டைக் கொண்டுபோவது பிள்ளைகளின் வேலை. வெறுந்தட்டு திரும்பி வராது. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்கள். தில்லியிலும் கீழ்வீட்டுக் கும்பகோணத்து அம்மையார் தவறாமல் தீபாவளிப் பட்சணம் அனுப்புகிறவர். முதல் தட்டு அவருக்கு. அடுத்தது எதிர்வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்துக்கு. மூன்றாவது யாருக்கு என்று பிள்ளைகளையே கேட்டோம்.

எங்கள் குடியிருப்பில் வேப்பமரத்தடியில் இஸ்திரிப் பெட்டி வைத்துத் துணி தேய்ப்பவர் ஒருவர் உண்டு. அவருக்கும் ஒரு சிறுமி. என் மகனோடு மாலையில் விளையாடுவாள். தட்டை அங்கே கொண்டுபோக வேண்டும் என்றான் பையன். அதோடு நில்லாமல், தான் பசை தடவிய நட்சத்திரத்தையும் கொடுக்க வேண்டும் என்றான். நான் சற்றுத் தயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன். அது இருப்பவற்றுள் நன்றாக அமைந்த நட்சத்திரம். வாசலில் தொங்கவிட எண்ணியிருந்தேன். கொடுத்துவிட்டு வந்தான். அன்று இரவு எங்கள் வாசலில் கோணலான நட்சத்திரமும், வேப்பமரக் கிளையில் நல்ல நட்சத்திரமும் தொங்கின.

இருபத்துநான்காம் தேதி இரவைப் பற்றி ஒரு சொல். நள்ளிரவு வழிபாட்டுக்கு மிகச் சிறு குழந்தைகளைக் கடுங்குளிரில் கொண்டுபோய்த் தூக்கத்தில் அழவைப்பதைவிட, காலை வழிபாட்டுக்கு அழைத்துச் செல்லலாம். தமிழில் வழிபாடு நடத்தும் சபைகள் பெருநகரங்கள் பலவற்றில் உண்டு. முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. தில்லியில் கோல் டாக்கானா அருகே உள்ள திரு இருதயப் பேராலயத்துக்கு, கிறிஸ்துமஸ் நாளில் எல்லாச் சமயத்தாரும் குடும்பத்தோடு வந்து குடிலைப் பார்த்துச் செல்வதைக் காணலாம். குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டும் தகப்பன்மார் எந்தச் சமயத்தார் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

கிறிஸ்தவரல்லாத நேயர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பள்ளியில் நட்சத்திரம் செய்துவிட்டு வந்து, நம் வீட்டில் ஏன் இல்லை என்று உங்கள் குழந்தை கேட்கக்கூடும். பக்கத்தில் கொண்டாடும் வீட்டுக்கு அதை அழைத்துச் செல்லுங்கள். அந்த நட்சத்திரத்தையே அந்த வீட்டுக்குக் கொடுத்துவரச் சொல்லுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்த வீட்டுக் குழந்தை உங்கள் வீட்டுக்கு வரட்டும். தமிழகத்துத் தெருக்களில் நாம் அப்படித்தானே வளர்ந்தோம்!

இனி, தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். அந்தக் கிறிஸ்துமஸ் மாலையிலும் தாயார் தொலைபேசியில் அழைத்தார்கள். அதே கேள்வியைக் கேட்டார்கள். இம்முறை பையன் விழிக்கவில்லை. கொடுத்த வீடுகளையெல்லாம் வரிசையாகச் சொன்னான். நட்சத்திரத்தைச் சொன்னான். குடிலில் முன்னணைக்குப் பக்கத்தில் நாய்க்குட்டி இருப்பதையும் சொன்னான். வாக்கியத்தில் இலக்கணப் பிழை இருந்தது. ஆனால், ‘முன்னணை’ என்றே சொன்னான். ஆச்சிக்கு எல்லாம் விளங்கிற்று.

“முந்திரிக்கொத்து உதிராம வந்துச்சாய்யா?” என்று கேட்டார்கள்.

“இல்லை ஆச்சி, பாதி உடைஞ்சு போச்சு. உடைஞ்சதை எல்லாம் நானும் தங்கச்சியும் தின்னுட்டோம். முழுசா இருந்ததைத்தான் கொடுத்தோம்” என்றான்.

நேயர்களே, நீங்கள் எந்த மாநிலத்தில், எந்த ஊரில் இருந்தாலும், உங்கள் இல்லத்துக் குழந்தைகளோடு இந்தப் பண்டிகைக் காலம் இனிதாக அமையட்டும்.